சின்ன கம்பெனியில் சைபர் தாக்குதல் நடந்தால் தடயம் மிஞ்ச, இப்போதே என்ன செய்து வைக்கலாம்?

உபி_சரவணன்

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் உபி வட்டாரத்தில் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் ஐடி வேலை பார்க்கிறேன். சுமார் 40 பேர், அலுவலகத்தில் ஒரு சர்வர், ஒரு ஃபயர்வால் (இணையத் தொடர்பை வடிகட்டும் கருவி), மின்னஞ்சலும் கோப்புகளும் மைக்ரோசாஃப்ட் 365-இல். ஐடி என்றால் நான் ஒருவன்தான், கூட மாதச் சந்தாவில் ஒரு வெண்டர்.

இந்தக் கேள்விக்குக் காரணம் எங்கள் கட்டடத்திலேயே மேல்மாடியில் இருக்கும் ஒரு கம்பெனி. போன மாதம் அவர்களுக்கு ரேன்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் கேடான நிரல்) வந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி அவர்களுடைய வெண்டர் வந்து எல்லாக் கணினியையும் ஃபார்மட் அடித்து, பேக்கப்பிலிருந்து திருப்பிப் போட்டு, திங்கட்கிழமை காலையில் வேலை ஓட ஆரம்பித்துவிட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். அப்புறம்தான் தொல்லை. போலிஸ் புகார் கொடுத்தால் எந்த வழியாக வந்தார்கள், எப்போது வந்தார்கள் என்று கேட்கிறார்கள், காப்பீட்டுக்காரரும் அதையே கேட்கிறார், வாடிக்கையாளர்கள் எங்கள் விவரம் வெளியே போனதா இல்லையா என்று கேட்கிறார்கள். எதற்கும் பதில் இல்லை. பதில் இருந்த டிஸ்க்குகளைத்தான் அன்று ராத்திரியே துடைத்துவிட்டார்களே.

இதைக் காப்பிக்கடையில் கேள்விப்பட்டு வந்த எங்கள் முதலாளி, "நமக்கு நடந்தால் நம்மால் காட்ட முடியுமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். வெண்டரைக் கேட்டால் "பேக்கப் இருக்கு சார், கவலைப்படாதீங்க" என்கிறார். இணையத்தில் தேடினால் வருவதெல்லாம் வங்கிகளுக்கு எழுதியது, ராத்திரி பகலாகத் திரையைப் பார்க்கத் தனியாக ஆள் வைக்கச் சொல்கிறது. எங்கள் அளவுக்கு என்ன முடியும்? எந்த லாக்கை (கருவிகள் தாமே எழுதும் நடவடிக்கைப் பதிவு) எவ்வளவு நாள் வைப்பது, சம்பவம் நடக்கும் நேரத்தில் எதைத் தொடக்கூடாது, நாங்களே எடுத்துவைத்ததை நீதிமன்றம் ஒத்துக்கொள்ளுமா, இதெல்லாம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

ராத்திரி_ஷிஃப்ட்

இதுதான் என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீளமாகவே போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வெண்டர் சொன்னதில் பொய் இல்லை, ஆனால் நீங்கள் கேட்டதற்கு அது பதிலும் இல்லை. பேக்கப் இருந்தால் வேலை திரும்பும். என்ன நடந்தது என்று தெரியவேண்டும் என்றால் லாக் வேண்டும், தாக்கப்பட்ட டிஸ்க் வேண்டும், முடிந்தால் அந்த நேரத்து மெமரியும் (ஓடும்போது மட்டும் இருக்கும் ரேம்) வேண்டும். மூன்றும் சம்பவம் நடந்த பிறகு உண்டாக்க முடியாதவை. போன ஜூனில் உங்கள் ஃபயர்வால் எழுதாத லாக்கை இன்றைக்கு எந்த நிபுணர் வந்தாலும் எழுதிக் கொடுக்க முடியாது.

லாக்கிலிருந்து தொடங்குவோம். சாதாரண விண்டோஸ் கணினியில் பாதுகாப்பு லாக்கின் அளவை யாரும் மாற்றாவிட்டால் அது பொதுவாக 20 எம்பிதான். நிரம்பியதும் பழையதன் மேலேயே எழுதும். டொமைன் கன்ட்ரோலரில், அதாவது எல்லாருடைய உள்நுழைவையும் சரிபார்க்கும் சர்வரில், லாக் இன்னும் வேகமாக நிரம்பும். இதை மாற்றக் காசு வேண்டாம், எல்லாக் கணினிக்கும் ஒரே இடத்திலிருந்து விதி போடும் குரூப் பாலிஸியில் ஒரு எண்ணைக் கூட்டினால் போதும். அடுத்து மைக்ரோசாஃப்ட் 365. சாதாரண உரிமத்தில் ஆடிட் லாக் (யார் எந்த மெயிலை, ஃபைலை என்ன செய்தார் என்ற பதிவு) 180 நாள் இருக்கும், 2023 அக்டோபருக்கு முன்னால் அது 90 நாள்தான். ஆனால் யார் எந்த நாட்டிலிருந்து எப்போது உள்நுழைந்தார்கள் என்ற என்ட்ரா (மைக்ரோசாஃப்டின் உள்நுழைவுச் சேவை) சைன்-இன் லாக் வேறு கணக்கு. இலவச நிலையில் 7 நாள், பி1 என்ற கட்டண உரிமம் இருந்தால் 30 நாள். பிசினஸ் பிரீமியத்தில் பி1 உண்டு, பிசினஸ் ஸ்டாண்டர்டில் கிடையாது. உங்களிடம் எது என்று இன்றைக்கே பாருங்கள். கடைசியாக ஃபயர்வால். டிஸ்க் இல்லாத சின்ன மாடல்கள் பலவற்றில் லாக் மெமரியில்தான் இருக்கும், மின்சாரம் போனாலோ ரீஸ்டார்ட் செய்தாலோ அதுவும் போய்விடும். சிஸ்லாக் என்று ஒரு அமைப்பு இருக்கும், அதில் வேறொரு இடத்தின் முகவரியைக் கொடுத்து அங்கே அனுப்பச் சொல்லுங்கள்.

எவ்வளவு நாள் என்று கேட்டீர்கள். நான் ஒரு வருஷம் என்பேன். சிங்கப்பூரின் பொது மருத்துவமனைக் குழுமமான சிங்ஹெல்த்தில் நடந்த சம்பவத்தை நினைத்துப் பாருங்கள். 15 லட்சம் நோயாளிகளின் விவரம் திருடப்பட்டது 2018 ஜூன் 27-க்கும் ஜூலை 4-க்கும் இடையில். ஆனால் விசாரணைக் குழு தோண்டிப் பார்த்தபோது, தாக்கியவர்கள் முதன்முதலாகக் கால் வைத்தது 2017 ஆகஸ்டில் என்று தெரிந்தது. கிட்டத்தட்ட பத்து மாதம். அது பின்னால் ஏதோ ஒரு நாட்டு அரசாங்கமே இருக்கலாம் என்று சொல்லத்தக்க அளவு தேர்ந்த ஆட்கள் செய்தது, உங்கள் கம்பெனிக்கு அப்படி யாரும் மெனக்கெட மாட்டார்கள்தான், ஆனால் உள்ளே வந்துவிட்டு வாரக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருப்பது சாதாரண ரேன்சம்வேர் கூட்டத்துக்கும் உள்ள பழக்கம். 7 நாள் லாக் வைத்திருப்பவர்களிடம் கடைசிக் காட்சி மட்டும்தான் இருக்கும்.

எங்கே வைப்பது என்பதுதான் பலர் கோட்டைவிடும் இடம். அட்மின் பாஸ்வேர்ட் கிடைத்தவன் முதலில் செய்யும் காரியங்களில் ஒன்று லாக்கைத் துடைப்பது. துடைத்தால் 1102 என்ற எண்ணோடு "லாக் அழிக்கப்பட்டது" என்று ஒரு வரி மட்டும் விழும், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆகவே லாக் போய்ச் சேரும் இடம் உங்கள் டொமைனில் (ஒரே அட்மின் கணக்கின்கீழ் வரும் கணினிகளின் கூட்டத்தில்) இருக்கக்கூடாது, அதே அட்மின் கணக்கால் அதைத் திறக்கவும் முடியக்கூடாது. கிளவுட் சேமிப்பில் ஆப்ஜெக்ட் லாக் என்று ஒரு வசதி உண்டு, குறித்த நாள்வரை அதை உரிமையாளரே நினைத்தாலும் அழிக்க முடியாதபடி பூட்டலாம். 40 பேர் உள்ள இடத்தின் லாக் சுருக்கி வைத்தால் பெரிய அளவே இல்லை. சேகரிக்க வாஸூ போன்ற இலவச மென்பொருள் இருக்கிறது, விண்டோஸிலேயே ஈவன்ட் ஃபார்வர்டிங் இருக்கிறது, மைக்ரோசாஃப்டின் சிஸ்மானையும் எல்லாக் கணினியிலும் போட்டுவிடுங்கள், அதுவும் இலவசம், எந்த நிரல் எந்த நிரலை ஓடவிட்டது, எங்கே தொடர்பு கொண்டது என்று விவரமாக எழுதும்.

நேரத்தையும் சரி செய்யுங்கள். எல்லாக் கருவியும் கடிகாரத்தைச் சரிசெய்ய ஒரே என்டிபி (நேரம் சொல்லும்) சர்வரைப் பார்க்கட்டும். 365 ஆடிட் லாக்கை ஏற்றுமதி செய்தால் நேரம் உலகப் பொது நேரமான யுடிசியில் வரும், நமக்கு எட்டு மணி நேரம் பின்னால். ஃபைலில் 18:30 என்று இருந்தால் இங்கே மறுநாள் அதிகாலை 2:30. இதைக் கவனிக்காமல் "சாயங்காலம் ஆபீசில் இருந்தவர்தான் செய்திருக்கிறார்" என்று ஒரு அப்பாவி ஊழியரைப் பிடித்து உட்காரவைத்த கம்பெனிகள் உண்டு.

சம்பவ நேரத்தைப் பற்றி அடுத்த பதிவில் எழுதுகிறேன், சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

---

காக்கி_புக்கிட்_குமார்

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் வேலை பார்ப்பதும் சரவணனின் சரக்குத் தொழிலில்தான், கணக்குப் பக்கம். ஒரு நாள் சரக்கு நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். டிஸ்க்கைத் தொடாதே, நிபுணர் வரும்வரை காத்திரு என்றால் வாடிக்கையாளர் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுவார். மேல்மாடிக்காரர் திங்கட்கிழமை கடை திறந்தாரே, அதுதான் முக்கியம். செய்தவன் எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறானோ, அவனை யார் பிடிக்கப் போகிறார்கள்? பிடிக்கவே போகாத ஆளுக்காக இவ்வளவு செலவா?

---

ராத்திரி_ஷிஃப்ட்

குமார் சார், காத்திருக்கச் சொல்லவே மாட்டேன். அதற்குத்தான் முன்கூட்டியே தயாராவது. 40 கணினியையும் பாதுகாக்கத் தேவையில்லை. சர்வர், முதலில் பாதிக்கப்பட்டதாகத் தெரியும் கணினி, யாருடைய கணக்கை வைத்து உள்ளே வந்தார்களோ அவருடைய கணினி, பெரும்பாலும் இந்த மூன்று போதும். மற்றதையெல்லாம் அன்றைக்கே ஃபார்மட் அடியுங்கள், யார் வேண்டாம் என்றது? இந்த மூன்றிலும்கூட டிஸ்க்கைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, அலமாரியில் இருக்கும் புது டிஸ்க்கை மாட்டி, அதில் பேக்கப்பை இறக்குங்கள். மேல்மாடிக்காரர் திறந்த அதே திங்கட்கிழமை நீங்களும் திறக்கலாம். செலவு இரண்டு மூன்று டிஸ்க்.

ஒன்று மட்டும் முன்னாலேயே பார்த்து வைக்கவேண்டும். இப்போது வரும் லேப்டாப்கள் பலவற்றில் பிட்லாக்கர் (டிஸ்க்கையே பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருக்கும். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவிகள் எல்லாம் தாக்கப்பட்ட சர்வரிலேயே இருந்தால் உங்கள் கையில் இருப்பது வெறும் இரும்புத்துண்டு. சில லேப்டாப்பில் டிஸ்க்கைக் கழற்றவே முடியாது, பலகையோடு சேர்த்து ஒட்டியிருக்கும், அப்படியானால் லேப்டாப்பையே ஓரமாக வைத்துவிட்டு ஊழியருக்கு மாற்று லேப்டாப் கொடுங்கள்.

சரவணன், நீங்கள் கேட்ட "எதைத் தொடக்கூடாது" என்பதற்கு வருகிறேன். முதலில் அணைக்காதீர்கள். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை நிறுத்துங்கள், மின்சாரம் இருக்கட்டும். அணைத்தால் மெமரியில் இருந்த எல்லாம் போய்விடும்: ஓடிக்கொண்டிருந்த நிரல், திறந்திருந்த தொடர்பு, சில சமயம் ஃபைல்களைப் பூட்டிய சாவியே அங்கேதான் இருக்கும். நெட்வொர்க்கிலிருந்து பிரிக்க எந்த வழியும் இல்லை, கண் முன்னால் ஃபைல்கள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு போகின்றன என்றால் மட்டும் அணையுங்கள். உங்கள் சர்வர் விர்ச்சுவல் மெஷின் (இன்னொரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினி) என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர், மெமரியோடு சேர்த்து ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது அந்தக் கணத்து நிலையின் நகல், எடுத்துவிடலாம். எது சீக்கிரம் அழியுமோ அதை முதலில் எடு என்பதுதான் கணக்கு, மெமரி முதலில், டிஸ்க் அப்புறம், பேக்கப் டேப் கடைசியில். ஆர்எஃப்சி 3227 என்ற தடயம் சேகரிக்கும் வழிகாட்டி 2002-இல் எழுதியது, சில பக்கம்தான், இன்றும் பழசாகவில்லை.

அடுத்தது, ஆண்ட்டிவைரஸை முழுதாக ஓடவிட்டு "சுத்தம்" செய்யாதீர்கள், அது உள்ளே வந்த மால்வேரை (கேடான நிரலை) அழிக்கும், ஃபைல்களின் கடைசியாகத் திறந்த நேரத்தையும் மாற்றிவிடக்கூடும். எஸ்எஸ்டி டிஸ்க்கில் அழித்ததை மீட்கலாம் என்ற நம்பிக்கையும் வேண்டாம், ட்ரிம் என்று ஒன்று பின்னணியில் ஓடி அழித்த இடத்தைக் காலி செய்துவிடும். ஆனால் பயந்து எதையுமே செய்யாமல் இருப்பதும் தப்பு. பாஸ்வேர்டை மாற்றுவது, திறந்திருக்கும் செஷன்களை (ஏற்கனவே உள்நுழைந்து வைத்திருக்கும் தொடர்புகளை) வெட்டுவது, ஃபயர்வாலில் முகவரியை அடைப்பது, இவை எதுவும் தடயத்தை அழிக்காது, உடனே செய்யுங்கள். எப்போது செய்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

---

வாதி_பிரதிவாதி

நான் ஒரு நிறுவனத்தின் சட்டப் பிரிவில் இருக்கிறேன். இது பொதுவான விளக்கம், உங்கள் விவகாரத்துக்கு உங்கள் வக்கீலைப் பாருங்கள்.

குமார் கேட்ட "யாரைப் பிடிக்கப் போகிறார்கள்" என்பதற்கு முதலில் பதில். தடயம் திருடனுக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள், பாதி நேரம் அது உங்களுக்காகத்தான். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 2021 பிப்ரவரி 1 முதல் தரவுக் கசிவைக் கட்டாயம் தெரிவிக்கவேண்டும். 500 பேர் அல்லது அதற்கு மேல் பாதிக்கப்பட்டிருந்தாலோ, பாதிக்கப்பட்டவர்களுக்குப் பெரிய கேடு வரும் என்றாலோ, அப்படித்தான் என்று நீங்கள் மதிப்பிட்ட நேரத்திலிருந்து 3 நாட்காட்டி நாளுக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் சொல்லவேண்டும். வேலை நாள் இல்லை, ஞாயிறும் பொது விடுமுறையும் சேர்த்து. இப்போது யோசியுங்கள். உங்களிடம் லாக் இருந்தால் "இந்த ஒரு ஃபோல்டர்தான் வெளியே போனது, அதில் 60 பேர்" என்று காட்டலாம். இல்லாவிட்டால்? போகவில்லை என்று நிரூபிக்க வழி இல்லாததால், சர்வரில் பெயர் இருக்கும் அத்தனை பேரும் பாதிக்கப்பட்டதாகவே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கடிதம் எழுதவேண்டிய நிலை வரும். வியாபாரத்துக்கு எது நட்டம் என்று குமாரே கணக்குப் போடட்டும். அபராதத்தின் உச்சவரம்பு 10 லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), உள்ளூர் விற்றுமுதல் ஒரு கோடி வெள்ளியைத் தாண்டும் நிறுவனத்துக்கு அதில் 10 விழுக்காடு வரைக்கும் போகலாம், எது அதிகமோ அது. சிங்ஹெல்த் விவகாரத்தில் 2019-இல் சிங்ஹெல்த்துக்கும் அதன் ஐடியைக் கவனித்த ஐஎச்ஐஎஸ் அமைப்புக்கும் சேர்த்து விதித்தது 10 லட்சம் வெள்ளி.

நீதிமன்றம் ஒத்துக்கொள்ளுமா என்று சரவணன் கேட்டார். சாட்சியச் சட்டத்தில் கணினி வெளியீட்டுக்கென்று 35-ஆம் பிரிவில் தனி நிபந்தனைகள் இருந்தன, 2012-இல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது மின்னணுப் பதிவும் மற்ற ஆவணங்களைப் போலத்தான், அதோடு 116ஏ பிரிவில் சில அனுமானங்கள் உண்டு. சுருக்கமாகச் சொன்னால், சரியாகப் பயன்படுத்தினால் சரியான பதிவைத் தரக்கூடிய கருவியிலிருந்து வந்தது என்று காட்டினால், எதிர்த்தரப்பு மறுத்துச் சாட்சியம் தரும்வரை அது சரியென்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். வழக்கில் தரப்பாக இல்லாத ஒருவர் அன்றாட வேலையின் போக்கில் சேமித்த பதிவுக்கும் இதுபோல் ஒரு அனுமானம் உண்டு. ஆகவே தினமும் தானாக எழுதப்பட்டு, தானாகப் பூட்டிவைக்கப்பட்ட லாக்குக்குக் கிடைக்கும் மரியாதை, தகராறு வந்த பிறகு யாரோ ஒருவர் எக்செல்லில் எடுத்துத் தொகுத்த பட்டியலுக்குக் கிடைக்காது. இரண்டையும் தாக்கல் செய்யலாம், ஆனால் குறுக்கு விசாரணையில் எது நிற்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

முதலாளிகளிடம் சொல்லவேண்டிய இன்னொன்று. வழக்கு வரும் என்று தெரிந்து, ஆதாரமாகத் தாக்கல் ஆகாமல் தடுக்கும் நோக்கத்தோடு மின்னணுப் பதிவை அழிப்பது தண்டனைச் சட்டம் 204-ஆம் பிரிவின்கீழ் குற்றம். வெண்டர் அவசரத்தில் ஃபார்மட் அடித்தது அதில் வராது, நோக்கம் வேண்டும். ஆனால் "இந்த மெயிலை மட்டும் எடுத்துவிடு தம்பி" என்று யாராவது காதோரம் வந்து சொன்னால் சரவணன் ஞாபகம் வைத்துக்கொள்ளவேண்டும்.

---

உபி_சரவணன்

எல்லாருக்கும் மிக்க நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. இப்போதுதான் பார்த்தேன், எங்களுடையது பிசினஸ் ஸ்டாண்டர்ட். அதாவது சைன்-இன் லாக் 7 நாள். முதலாளியிடம் பேசவேண்டும்.

இரண்டு சந்தேகம். எங்கள் ஓட்டுநர்களும் ஏற்றுமதிப் பிரிவும் பாதி வேலையைச் சொந்தக் கைப்பேசியில் வாட்ஸ்அப்பில்தான் நடத்துகிறார்கள். உள்ளாளே ஏதாவது செய்தால் அதை எப்படி எடுப்பது? இன்னொன்று, சர்வர், ஃபயர்வால் எல்லாவற்றுக்கும் அட்மின் பாஸ்வேர்ட் வெண்டரிடமும் இருக்கிறது. அவர்களையும் வைத்துக்கொண்டுதான் இந்தத் திட்டத்தைப் போடவேண்டுமா?

---

மீனா_ஆடிட்

தம்பி, இரண்டாவது சந்தேகத்தை முதலில் எடுக்கிறேன், எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. சின்ன நிறுவனங்களுக்குள் நுழைய வெண்டரின் தொலைநிலை மென்பொருள் (வெளியிலிருந்தே உங்கள் கணினியை இயக்க உதவுவது) ஒரு வழக்கமான வாசல். அந்த வாசல் வழியாகத்தான் வந்தார்கள் என்றால், ராத்திரியோடு ராத்திரியாக எல்லாவற்றையும் ஃபார்மட் அடிப்பதில் யாருக்கு வசதி? மேல்மாடியில் அப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை, பெரும்பாலும் அது உண்மையான உதவிதான். ஆனால் விசாரிக்கப்படவேண்டியவரே தரையைக் கழுவிவிடும் ஏற்பாடு நல்ல ஏற்பாடு இல்லை. லாக் போய்ச் சேரும் கணக்கின் சாவி வெண்டரிடம் இருக்கக்கூடாது, உங்களிடமும் முதலாளியிடமும் மட்டும். அடுத்த முறை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது இரண்டு வரி சேருங்கள்: எழுத்தில் அனுமதி இல்லாமல் எந்த டிஸ்க்கையும் துடைக்கக்கூடாது, அவர்களுடைய தொலைநிலை மென்பொருளின் தொடர்பு லாக்கை ஒரு வருஷம் வைத்திருந்து கேட்டால் தரவேண்டும். நல்ல வெண்டர் இதற்குக் கோபப்பட மாட்டார், அவருக்கும் இது பாதுகாப்புத்தான்.

கைப்பேசி விஷயம். ஊழியரின் சொந்தப் போனை நீங்கள் பிடுங்க முடியாது, அதை முதலிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள். வேலைப் பேச்சுக்கு நிறுவனத்தின் எண், நிறுவனத்தின் கணக்கு, தானாக மறையும் செய்தி கூடாது, தேவைப்பட்டால் வேலை தொடர்பான உரையாடலை எடுத்துத் தரவேண்டும், இதையெல்லாம் பணியில் சேரும்போதே கையெழுத்து வாங்கும் விதியாக எழுதுங்கள். பிரச்சினை வந்த பிறகு எழுதினால் அது அந்த ஒருவரைக் குறிவைத்து எழுதியதாகத்தான் தெரியும்.

ரொம்ப ஆபத்தான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சந்தேகத்துக்குரிய ஊழியரின் ஆபீஸ் லேப்டாப்பைத் திறந்தால் அவருடைய சொந்த ஜிமெயில் லாகின் ஆகியே இருக்கும். கை துறுதுறுக்கும், திறக்காதீர்கள். லேப்டாப் உங்களுடையது, அந்தக் கணக்கு உங்களுடையது இல்லை. அனுமதி இல்லாமல் உள்ளே போனால் கணினி முறைகேட்டுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவை மீறியவர் நீங்கள் ஆகிவிடலாம், முதல் குற்றத்துக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 2 வருஷம் வரை சிறை அல்லது இரண்டும். லேப்டாப்பை அப்படியே எடுத்துப் பூட்டிவைத்துப் போலிசிடம் சொல்லுங்கள், அவர்களுக்கு அதற்கான அதிகாரம் சட்டத்தில் இருக்கிறது.

அப்புறம் எல்லாரும் ரேன்சம்வேரையே பேசுகிறீர்கள். சரக்குத் தொழிலில் அதைவிட அடிக்கடி நடப்பது வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று வரும் மெயில். சப்ளையர் பெயரில் வரும், பழைய பேச்சுக்குக் கீழேயே வரும், எண் மட்டும் வேறு. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் தடயத்தை அப்புறம் பாருங்கள், முதலில் வங்கியைக் கூப்பிட்டுப் பணத்தை நிறுத்தச் சொல்லுங்கள், உடனே போலிஸ் புகார். அது முடிந்ததும் அந்த மெயிலை இஎம்எல் ஃபைலாக, அதாவது வந்தபடியே முழு மெயிலாக, சேமியுங்கள். ஸ்கிரீன்ஷாட் போதாது, ஃபார்வர்ட் செய்தாலும் போதாது, ஃபார்வர்ட் செய்தால் எந்தச் சர்வர் வழியாக வந்தது என்று காட்டும் தலைப்பு வரிகள் போய்விடும். உங்கள் பக்கத்து மெயில்பெட்டிக்குள்ளேயே ஆள் புகுந்திருந்தால் அங்கே ஒரு ரூல் (மெயிலைத் தானாக நகர்த்தும் விதி) போட்டிருப்பான், "இன்வாய்ஸ்" என்ற சொல் வரும் மெயிலையெல்லாம் ஆர்எஸ்எஸ் ஃபோல்டருக்குத் தள்ளு என்பதுபோல. யாரும் அந்த ஃபோல்டரைத் திறப்பதே இல்லையே. அந்த ரூலைப் பார்த்ததும் எரிச்சலில் அழித்துவிடுவார்கள். படம் எடுத்து, எழுதிவைத்து, அப்புறம் அழியுங்கள். அழித்த மெயில்கள் மீட்கக்கூடிய நிலையில் வழக்கமாக 14 நாள்தான் இருக்கும், அதை 30 ஆக உயர்த்தலாம், அதை இன்றைக்கே செய்துவிடலாம்.

---

காக்கி_புக்கிட்_குமார்

மீனா சொன்ன மெயில் விவகாரம் எங்களிடம் கிட்டத்தட்ட வந்துவிட்டது, கணக்கர் போன் போட்டுக் கேட்டதால் தப்பித்தோம். சரி, டிஸ்க் மாற்றும் வழி எனக்குச் சம்மதம். ஆனால் நிபுணரை வைத்து வருஷத்துக்கு ஒருமுறை ஒத்திகை, அறிக்கை என்று ஆரம்பித்தால் எங்கள் முதலாளி என்னைத் துரத்திவிடுவார். இதற்கும் இலவச வழி இருந்தால் சொல்லுங்கள்.

---

மீனா_ஆடிட்

இருக்கிறது குமார். தூக்கிப்போடப் போகும் பழைய லேப்டாப் ஒன்றை எடுத்து, "இதில் ரேன்சம்வேர் வந்துவிட்டது" என்று ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சொல்லிவிட்டு, என்ன நடக்கிறது என்று சும்மா உட்கார்ந்து பாருங்கள். யார் யாரைக் கூப்பிடுகிறார்கள், பிட்லாக்கர் சாவி எங்கே என்று எத்தனை பேருக்குத் தெரிகிறது, சிசிடிவி பதிவை எடுக்கத் தெரிந்தவர் விடுமுறையில் இருக்கிறாரா, எல்லாம் அன்றைக்கே வெளியே வந்துவிடும். சிசிடிவி என்றதும் ஞாபகம் வருகிறது, அந்தப் பெட்டி சில வாரத்தில் பழைய பதிவின் மேலேயே எழுதும், கடிகாரமும் பல நிமிடம் தப்பாக ஓடும். பதிவை எடுக்கும்போது பெட்டியின் நேரத்தையும் உங்கள் கைப்பேசி நேரத்தையும் ஒரே படத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சிங்ஹெல்த் விசாரணையில் என்னை உறுத்தியதும் இதுதான். கீழ்நிலையில் இருந்த சிலருக்கு ஏதோ சரியில்லை என்று முன்னாலேயே தெரிந்திருக்கிறது, அது மேலே போய்ச் சேரத்தான் தாமதம். உங்கள் அலுவலகத்தில் கணக்கு எழுதும் அக்கா திரையில் வித்தியாசமாக ஒன்றைப் பார்த்தால், ராத்திரி பத்து மணியானாலும், யாருடைய எண்ணுக்குக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவேண்டும். திட்டு விழும் என்ற பயமும் இருக்கக்கூடாது.

---

உபி_சரவணன்

பழைய லேப்டாப் ஒன்று இருக்கிறது, செய்து பார்க்கிறேன். கடைசியாக ஒன்று, டிஸ்க்கைக் கழற்றிப் பையில் போட்டபின் என்ன எழுதிவைக்கவேண்டும்? ஐஎஸ்ஓ 27037 என்று மின்னணுத் தடயத்துக்கான தரநிலை ஒன்றைப் பார்த்தேன், வாங்கிப் படிக்கவேண்டுமா?

---

ராத்திரி_ஷிஃப்ட்

வாங்கவேண்டாம், உங்கள் அளவுக்கு ஒரு தாள் போதும். எந்தக் கணினி, அதன் வரிசை எண், டிஸ்க்கின் வரிசை எண், யார் கழற்றினார், எந்த நாள் எத்தனை மணிக்கு, பக்கத்தில் யார் இருந்தார், எந்த அலமாரியில் வைத்தீர்கள், சாவி யாரிடம். அப்புறம் அது கை மாறும் ஒவ்வொரு முறையும் கொடுத்தவர், வாங்கியவர், நேரம், இரண்டு கையெழுத்து. போலிஸ் வாங்கிக்கொண்டு போனாலும் அதில் ஒரு வரி. டிஸ்க்கை நீங்களே நகல் எடுக்க முயலாதீர்கள், ரைட் பிளாக்கர் (டிஸ்க்கில் எதுவும் எழுதாமல் தடுக்கும் கருவி) இல்லாமல் விண்டோஸ் கணினியில் மாட்டினாலே அதில் ஏதாவது எழுதிவிடும், அதை நிபுணரிடம் விடுங்கள். நீங்கள் ஏற்றுமதி செய்த லாக் ஃபைல், இஎம்எல் ஃபைல், சிசிடிவி பதிவு இவற்றுக்கு மட்டும் எஸ்எச்ஏ-256 ஹாஷ் (ஃபைலில் ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்) போட்டு அந்த எண்ணைத் தாளில் எழுதுங்கள். விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹாஷ் (Get-FileHash) என்று கொடுத்தால் வந்துவிடும். நாளைக்கு யாராவது ஃபைலை மாற்றிவிட்டாய் என்றால் திரும்பவும் ஹாஷ் போட்டுக் காட்டலாம். எம்டி5 என்ற பழைய ஹாஷ் முறை வேண்டாம், ஒரே எம்டி5 ஹாஷ் வரும்படி இரண்டு வெவ்வேறு ஃபைலை உண்டாக்கலாம் என்று 2004-லேயே காட்டிவிட்டார்கள், எதற்கு வம்பு.

தாளை அச்சடித்து வையுங்கள், சர்வரில் மட்டும் வைத்தால் ரேன்சம்வேர் வரும் அன்றைக்கு அதுவும் பூட்டிக்கொள்ளும். போன் எண்களும் பிட்லாக்கர் சாவிகளும் அதேபோல ஒரு பிரதி வெளியே இருக்கட்டும், சாவிகள் மட்டும் முதலாளியின் இரும்புப்பெட்டியில். சம்பவம் நடக்கும்போது அதைப் பற்றி 365 மெயிலிலோ டீம்ஸிலோ பேசாதீர்கள், உள்ளே இருப்பவன் படித்துக்கொண்டிருப்பான், அதற்கென்று கைப்பேசியில் தனிக் குழு ஒன்றை இப்போதே தொடங்கி வையுங்கள்.

பை என்றால் சாதாரண பிளாஸ்டிக் பை இல்லை, ஆன்ட்டி-ஸ்டாட்டிக் பை. சிம் லிம் ஸ்குவேர் கணினிக் கடைகளில் டிஸ்க் வாங்கும்போதே கேட்டால் நாலைந்து கொடுப்பார்கள்.